அலெட்ச் காடு

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான பெரிய அலெட்சின் கரைச்சரிவில் நிற்கும் காடு இது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்திலும் மரங்கள் செழித்திருக்கின்றன. ஆர்வே என்னும் மலைப்பைனும் லார்ச்சும் இங்கே மிகுதி. ஆர்வே மரங்களில் சில பல நூற்றாண்டு கண்டவை. அவற்றை நட்டது காக்கைக் குடும்பத்துப் பறவை ஒன்று. குளிர்காலத்துக்கென மண்ணில் புதைத்து வைக்கும் விதைகளில், அது திரும்ப எடுக்காமல் விட்டவை முளைத்து மரமாகின்றன.

ஆனால் காட்டின் வரலாற்றை எழுதியவர்கள் கீழேயுள்ள ஊர்க்காரர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே மாடும் ஆடும் மேய்ந்தன. விறகும் மரமும் வெட்டப்பட்டன. கன்றுகளைக் கால்நடை கடித்துவிட, கிழமரங்கள் நின்றன, இளமரங்கள் எழவில்லை. 1933-இல், இன்று புரோ நாதுரா எனப்படும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் காட்டைக் குத்தகைக்கு எடுத்தது. வெட்டும் மேய்ச்சலும் நின்றன. காட்டைப் பிழைக்க வைத்தது இந்த ஒரு முடிவுதான். 2001-இல் இப்பகுதி யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

காட்டின் வாசலான ரீடர்ஃபுர்காவில் நிற்கும் மாளிகை, வங்கியாளர் எர்னஸ்ட் காசல் 1902-இல் கட்டி முடித்தது. இளம் வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே விருந்தாளியாக வந்து தங்கியிருக்கிறார். 1976 முதல் அது இயற்கைக் கல்வி மையம். அருகிலுள்ள ரீடரால்ப், பெட்மரால்ப் ஊர்களில் கார்கள் இல்லை. ரோன் பள்ளத்தாக்கிலிருந்து கம்பிவண்டியில்தான் ஏறவேண்டும். பெட்மரால்பின் சிறு கோயில் 1697-இல் எழுந்தது. அங்கே குடிகொண்டிருப்பவள், நம் தூத்துக்குடியிலும் கோயில் கொண்ட அதே பனிமய மாதா. மாசா ஆற்றுப் பள்ளத்தின் குறுக்கே 2008-இல் திறந்த 124 மீட்டர் தொங்குபாலம், ரீடரால்ப் பக்கத்தை எதிர்ப்புற பெலால்ப்புடன் இணைக்கிறது.

1850-களில் பனியாறு இன்றைவிட மிகத் தடித்திருந்தது. அன்றைய பனிமட்டத்துக்கு மேலே கிழமரங்கள். கீழே, பனி விட்டுச்சென்ற கல்மேட்டில் இளமரங்கள். இரண்டையும் பிரிக்கும் கோட்டைக் கண்ணாலேயே காணலாம்.

முற்காலத்தில் பனி அச்சம் தந்தது. அதன் ஓரத்திலிருந்த மாரியெலன் ஏரி உடைந்து பல முறை வெள்ளம் வந்ததால், ஃபீஷ், ஃபீஷர்டால் ஊர்கள் 1678-இல் நேர்ச்சை செய்து, பனியாறு பின்வாங்க வேண்டிக்கொண்டன. 1850-களுக்குப் பின் அது 3 கிலோமீட்டருக்கு மேல் சுருங்கிவிட்டது. 2009-இல் அதே ஊரார் நேர்ச்சையை மாற்ற வத்திக்கானிடம் அனுமதி கேட்டு, பின்னர் பெற்றனர். இப்போது பனி கரையாமலிருக்க மன்றாடுகிறார்கள்.