மினி காமிக்ஸ்

படம் வரைபவரே கதையும் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, பின் அடித்து, தபாலிலோ நேரிலோ விற்கும் சிறு படக்கதைப் புத்தகமே மினி காமிக்ஸ். 1970களில் வட அமெரிக்காவில் இது தனி வடிவம் பெற்றது. வரைபவருக்கும் வாசகருக்கும் நடுவே பதிப்பாளர் இல்லை என்பதே இதன் முதல் இலக்கணம்.

1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். அதன்பின் கடைக்கு வந்தவற்றில் பெரியவர்கள் படிக்க அதிகம் மிஞ்சவில்லை. 1959இல் ஜெராக்ஸ் 914 இயந்திரம் வந்ததும், அச்சகத்தின் படியேறாமலே பிரதி எடுக்க வழி பிறந்தது. 1964 வாக்கில் டெக்சஸில் ஃபிராங்க் ஸ்டாக் வரைந்த இயேசு பற்றிய நையாண்டிப் படக்கதையை, கில்பர்ட் ஷெல்டன் ஏறத்தாழ 50 பிரதிகள் எடுத்து நண்பர்களிடையே சுற்றுக்கு விட்டார். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட் கிரம்பின் ‘ஜாப் காமிக்ஸ்’ வெளிவந்து, தணிக்கை விதிகளுக்குக் கட்டுப்படாத ‘அண்டர்கிரவுண்ட்’ காமிக்ஸ் அலை எழுந்தது. ஆனால் ஆபாசம் குறித்து 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் அவற்றை விற்ற கடைகள் பின்வாங்கின. கடை இல்லாமலும் காமிக்ஸ் போட முடியும் என்று காட்டியவை மினி காமிக்ஸ்தான். பெர்க்லியில் கிளே கியர்ட்ஸ் பலருடைய சிறு புத்தகங்களைத் திரட்டி வெளியிட்டு, ‘நியூவேவ்’ என்ற பெயரில் அவை பரவ வழிசெய்தார்.

மினி காமிக்ஸின் வடிவத்தைத் தீர்மானித்தது தாள். எட்டரை அங்குலத்துக்குப் பதினொரு அங்குல அமெரிக்கத் தாளில் இருபுறமும் பிரதி எடுத்து, இரண்டு முறை மடித்து, நடுவில் பின் அடித்து, ஓரத்தை வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். முன்அட்டையும் பின்அட்டையும் போகக் கதைக்கு ஆறு பக்கம். உள்ளங்கை அகலப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே கட்டம், ஒரு வரிப் பேச்சு. ஆகவே பக்கம் புரட்டுவதே கதையின் தாளமாகிறது. கேள்வி இந்தப் பக்கம், பதில் புரட்டிய பின். ஜெராக்ஸ் சாம்பல் நிறத்தைச் சரியாக எடுக்காது, மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். அதனால் அழுத்தமான கருங்கோடும் தாராளமான வெற்றிடமும் இவ்வகை ஓவியத்தின் முகமாயின. மிச்சிகனைச் சேர்ந்த மேட் ஃபீசெல் 1980களில் குச்சி மனிதர்களை மட்டுமே வைத்து ‘சினிக்கல்மேன்’ வரிசையை வரைந்தார். ஒரு வட்டம், சில கோடுகள். அதற்குள் ஒரு மனிதனின் முழுச் சலிப்பும் அடங்கிவிடுகிறது.

விநியோகம் தபால் வழியே நடந்தது. மைக் கண்டர்லாய் 1982இல் தொடங்கிய ‘ஃபேக்ட்ஷீட் ஃபைவ்’ இதழ், சிறு வெளியீடுகளை மதிப்புரையோடும் முகவரியோடும் அறிமுகம் செய்தது. காசுக்குப் பதில் தன் புத்தகத்தை அனுப்பி மற்றவர் புத்தகத்தைப் பெறும் வழக்கமும் இருந்தது. வாசகர்களில் பலர் தாங்களும் வரைபவர்களே.

இவ்வடிவம் எட்டிய உயரத்துக்கு ஜான் போர்செல்லினோவின் ‘கிங்-கேட்’ போதிய சான்று. இல்லினாய் மாநிலத்தில் 1989இல் தொடங்கிய இந்த இதழ் மூன்று பதிற்றாண்டுகளைக் கடந்தும் அவர் கையாலேயே வந்துகொண்டிருக்கிறது. கொசு ஒழிப்புப் பணியாளராக மருந்தடித்துத் திரிந்த நாட்களை அவர் அதில் கதைகளாக்கினார்; அவை 2005இல் தனி நூலாகவும் வந்தன. 2015இல் வெளியான 75ஆவது இதழ் அவர் வளர்த்த பூனை மெய்சியின் வாழ்வையும் மரணத்தையும் சொல்கிறது. நிழலோ நுணுக்கமோ இல்லாத கோடுகள்தாம். ஆயினும் பெரிய நிறுவனங்களின் சாகசக் கதைகள் தொடாத துயரத்தை அவை தொடுகின்றன. வணிகப் பதிப்பாளர் யாரும் பூனைக்காக ஓர் இதழையே ஒதுக்கியிருக்க மாட்டார். மினி காமிக்ஸின் உண்மையான பலம் இதுதான்.

பிற்காலத்தில் புகழ்பெற்ற பலருக்கும் இதுவே பள்ளிக்கூடம். டொராண்டோவில் செஸ்டர் பிரவுன் 1983இலும், மாண்ட்ரியலில் ஜூலி டூசே 1988இலும், கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவராக இருந்த ஏட்ரியன் டொமினே 1991இலும் ஜெராக்ஸ் புத்தகங்களோடு தொடங்கினர். டூசே 2022இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் உயரிய விருது பெற்றார்.

‘நிஞ்ஜா டர்ட்டில்ஸ்’ படைப்பாளிகளில் ஒருவரான பீட்டர் லேர்ட் நிறுவிய ஸெரிக் அறக்கட்டளை, 1992 முதல் 2012 வரை சொந்தமாகப் புத்தகம் போட்டவர்களுக்கு நிதி அளித்தது. மேரிலாந்தில் 1994இல் தொடங்கிய ஸ்மால் பிரஸ் எக்ஸ்போ சந்தை, 1997 முதல் இக்னாட்ஸ் விருது வழங்குகிறது. சிறந்த மினி காமிக்ஸுக்கும் அதில் இடமுண்டு. பழைய ‘கிரேஸி கேட்’ படக்கதையில் செங்கல் எறியும் எலியின் பெயரே இக்னாட்ஸ். விருதாகத் தருவதும் ஒரு செங்கல்லே.

இணையம் வந்தபின் வரைந்ததைச் செலவில்லாமல் வெளியிட முடிகிறது. இருந்தும் காகிதப் புத்தகம் ஓயவில்லை. லாட்வியாவின் ரிகாவில் 2007இல் தோன்றிய ‘குஷ்!’ பதிப்பகம், ஓவியருக்கு ஒரு சிறு புத்தகம் என்ற கணக்கில் அஞ்சலட்டை அளவு வரிசையொன்றை வெளியிட்டு வருகிறது.

மினி காமிக்ஸைத் தொகுப்பு நூல்களில் பெரிய பக்கத்துக்கு நாலைந்து பக்கங்களாகச் சேர்த்து அச்சிடும்போது புரட்டும் தாளம் போய்விடுகிறது. இவற்றை வந்த வடிவிலேயே படிப்பதுதான் முறை. இக்னாட்ஸ் பரிந்துரை பெற்ற மினி காமிக்ஸை வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011 முதல் அப்படியே சேகரித்து வருகிறது.