புதுப்பானையின் ஆயுள்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபின் ஜார்ஜ் டவுனில் உண்டான பழைய வீதிகளுள் ஒன்று, முதலில் மலபார் தெரு என்றும், 1798 முதல் சூலியா தெரு என்றும் வழங்கலாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வர்த்தகர்களைச் 'சூலியர்' என்று அழைத்த காலத்தின் ஞாபகம், நாகூர் தர்கா நிற்கும் அத்தெருவின் பெயரில் இன்றும் தங்கியிருக்கிறது.

தை பிறக்கச் சில தினங்களே இருக்கையில், சூலியா தெருவை அடுத்த மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும், கரும்புக் கட்டுகளுக்கும் மஞ்சள் கொத்துகளுக்கும் நடுவே, பூவும் கோலமும் தீட்டிய மண்பானைகள் வரிசையாக வீற்றிருக்கும்.

மலேசியாவில் அத்தகைய பானைகளுக்குப் பேர்பெற்ற ஊர் சிலாங்கூரின் கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தான். அங்கே தமிழ்க் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்து வருகின்றன. தமிழகத்துச் சம்பிரதாயப்படி, சக்கரத்தில் எழும் பானைக்கு முதலில் அடிப்பாகமே கிடையாது. சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லைத் தாங்கக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, கனத்த விளிம்பை மெல்லிதாக்கி அடியை மூடுவார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஓசை மாறுவதைக் கொண்டே மண்ணின் கனத்தைச் செவி அறியும். இவ்வித்தையைப் பிள்ளை ஏட்டில் கற்பதில்லை, தகப்பனின் பக்கத்தில் அமர்ந்தே கற்கிறான்.

மெக்சிகோவின் மெடெபெக் நகரத்திலும் இவ்வாறே குடும்பங்கள், ஆதாமும் ஏவாளும் சர்ப்பமும் அமைந்த 'உயிர் மரம்' என்னும் களிமண் சிற்பத்தை வனைந்து, கண்ணைப் பறிக்கும் வர்ணம் தீட்டுகின்றன. அம்மரம் பார்வைக்குரிய பொருளாக வரவேற்பறையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நம் பானையின் விதியோ வேறு. பொங்கல் பொங்கும் வேளையில் அதன் பூக்கள் புகையில் கரிந்து, அடி கறுத்து, மறு ஆண்டு அதன் இடத்தைப் புதுப்பானை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

இதை நஷ்டம் என்று எண்ணுவோர், பித்தளைப் பாத்திரத்தின் உறுதியை மெச்சலாம். ஆனால் பொங்கலுக்குப் புதுப்பானையே வேண்டும் என்ற வழக்கம் ஒன்று இல்லாதிருந்தால், பாட்டனோடு அச்சக்கரமும் நின்றிருக்கும். மார்கழி தோறும் சூளை மூட்டப்படுவதற்குக் காரணம், சென்ற ஆண்டுப் பானையின் அடியில் படிந்த அந்தக் கரியேயாகும்.