ஒரு வகுப்புப் பயிற்சியில் பிறந்த இசைக்குழு
கிளாஸ்கோ நகரின் ‘பெல் அண்ட் செபாஸ்டியன்’ குழு வரலாறு

டேவிட் ஸ்டோ என்னும் பெயரை ஆசிரியப் பயிற்சி பெற்ற நம்மவருட் சிலரேனும் கேட்டிருப்பர். ஸ்காத்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1793இல் பிறந்து, கிளாஸ்கோவில் வாணிகம் செய்துவந்த அவர், அந்நகரத்து ஏழைக் குழந்தைகளின் நிலைகண்டு மனம் பொறாது பள்ளி தொடங்கியவர். குழந்தைக்குப் பாடம் சொன்னால் மட்டும் போதாது, அதனைப் பயிற்றவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. விளையாட்டுத் திடலையும் ஒரு வகுப்பறையாகவே அவர் கருதினார், பிரம்பை வெறுத்தார். ஆசிரியரைப் பயிற்றுவதற்கென்றே 1837இல் அவர் கிளாஸ்கோவில் நிறுவிய ‘நார்மல் செமினரி’, பிரிட்டனில் அவ்வகை நிலையங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. நம் நாட்டிலும் முற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு ‘நார்மல் வகுப்பு’ என்ற பெயர் வழங்கியதை மூத்தோர் அறிவர்.

அப்பெரியாரின் பெயர் தாங்கி 1934இல் அந்நகரில் எழுந்ததே ஸ்டோ கல்லூரி. 2013இல் அது வேறிரு கல்லூரிகளோடு இணைந்து ‘கிளாஸ்கோ கெல்வின் கல்லூரி’ ஆயிற்று. பற்பல தொழில்களைக் கற்பித்த அக்கல்லூரியில் இசை வாணிகத்திற்கும் ஒரு வகுப்பு இருந்தது. ஆண்டுதோறும் ஓர் இசைத்தட்டை மாணவர்களே தேர்ந்து, பதிவுசெய்வித்து, அச்சிட்டு, விற்க வேண்டும் என்பது அவ்வகுப்பின் செய்முறைப் பயிற்சி. அதற்கென ‘எலக்ட்ரிக் ஹனி’ என்ற பெயரில் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு நிறுவனமே இருந்தது. நம் பள்ளிகளில் செயல்திட்டம் என்றால் பெரும்பாலும் அட்டையில் ஒட்டிய நான்கு படங்களும், பெற்றோர் கையெழுத்தும்தான். அங்கோ 1996இல் அவ்வகுப்பு வெளியிட்ட ஒரு தட்டு, முப்பது ஆண்டு நெருங்கியும் உலகெங்கும் கேட்கப்படுகிறது. அத்தட்டைப் பாடிய குழுவே ‘பெல் அண்ட் செபாஸ்டியன்’.

குழுவின் கதைக்குப் புகுமுன் ‘இண்டி பாப்’ என்னும் சொற்குப் பொருள் காண்பது நலம். பாடற்றொழில் சில பெருநிறுவனங்களின் கையிற் சிக்கியிருந்த காலத்தில், அவற்றைச் சாராது சிறு நிறுவனங்கள் தாமே தட்டு வெளியிடத் தலைப்பட்டன. ‘இண்டி’ என்பது தன்னுரிமை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். நாளடைவில் அப்பெயர் நிறுவனத்தை விட்டு இசையின் குணத்தையே குறிக்கலாயிற்று. கிளாஸ்கோவில் 1980ஐ ஒட்டி ஆலன் ஹார்ன் என்னும் இளைஞர் தம் வீட்டிலிருந்தே நடத்திய ‘போஸ்ட்கார்டு’ நிறுவனமும், எட்வின் காலின்ஸ் தலைமையில் அதற்குப் பாடிய ‘ஆரஞ்சு ஜூஸ்’ குழுவும் அந்நகரத்தில் இதற்கு வித்திட்டவை. கிளைடு ஆற்றங்கரையின் கப்பல் கட்டுந் தொழில் நலிந்து, வேலையற்றோர் பெருகியிருந்த நகரம் அது. அத்தகைய ஊரில் ஆரவாரமில்லாத, சற்றே நாணங்கொண்ட ஒரு பாட்டுமுறை பிறந்தது வியப்புக்குரியதே.

குழுவின் மூலவர் ஸ்டூவர்ட் மர்டாக். 1968இல் கிளைடுபேங்கில் பிறந்து, ஏர் நகரப் பக்கம் வளர்ந்தவர். ஏறத்தாழ என் வயதினர். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த நாளில் தீராத களைப்பு நோய் அவரைப் பற்றியது. மருத்துவர் இதனை எம்.ஈ. என்பர். உடலில் வெளிப்படையான குறியொன்றும் இராது. ஆயினும் படிகளேறுவதே மலையேறுவது போலாகும். ‘சோம்பல்’ என்று பிறர் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய நோய் அது. நோயுற்றவனுக்கு நோயினும் அச்சொல்லே பெருந்துன்பம். ஏழாண்டுக் காலம் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. அந்த ஏழாண்டில்தான் அவர் பியானோவின் முன் அமர்ந்து தாமே பாட்டெழுதப் பழகினார். பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து ஊர்சுற்றுவதும், கண்டோரைப் பற்றிக் கதை புனைவதும் அவருக்குப் பொழுதாயின. பின்னாளில் அவர் பாடல்களில் பேருந்தும், பள்ளிச் சிறுமியும், மாதாகோயிலும், ஓட்டப் பந்தயக்காரரும் ஓயாது வருவதன் காரணம் இதுவே. நோய் சற்றே தணிந்தபின் ஹிண்ட்லாந்து வட்டாரத்து மாதாகோயில் ஒன்றில் மண்டபக் காவலராக வேலை ஏற்று, அதன் மாடியிலேயே குடியிருந்தார்; கோயிற் பாடகர் குழுவிலும் பாடினார். குழு புகழ்பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் அவர் அங்குதான் இருந்தார்.

வேலையற்ற இசைஞர்களுக்கென நடந்த ‘பீட்பாக்ஸ்’ என்னும் பயிற்சித் திட்டத்தில் மர்டாக்கிற்கு மற்றொரு ஸ்டூவர்ட் நண்பரானார். அவர் ஸ்டூவர்ட் டேவிட், தாழ்சுருதிக் கித்தார் வாசிப்பவர். அவ்விருவரின் மாதிரிப் பதிவுகளுக்குத் துணைநின்றவர் ‘அசோசியேட்ஸ்’ என்ற பழைய குழுவினரான ஆலன் ராங்கின்; அவரே ஸ்டோ கல்லூரியின் இசை ஆசிரியர். பதிவுகள் இசை வாணிக வகுப்பிற்குச் சென்றன. அவ்வகுப்பின் மாணவர் ரிச்சர்ட் கோல்பர்ன் குழுவுக்கு முரசு கொட்டவே வந்துசேர்ந்தார். கித்தாருக்கு ஸ்டீவி ஜாக்சன், செல்லோவுக்கும் குரலுக்கும் இசபெல் காம்பெல், பியானோவுக்கு கிறிஸ் கெடஸ், டிரம்பெட்டுக்கு மிக் குக் என ஒருவர்பின் ஒருவராகக் கூடினர். மர்டாக் எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பே குழுவின் பெயராயிற்று. பிரெஞ்சு நடிகையும் எழுத்தாளருமான செசீல் ஓப்ரி படைத்த சிறுவர் தொடரில் ‘பெல்’ என்பது ஒரு பெரிய வெண்ணிற நாய். ‘செபாஸ்டியன்’ அதன் தோழனான சிறுவன். இப்பெயர் கேட்டு ஓர் ஆணும் பெண்ணும் என எண்ணுவோர் இன்றும் பலர்.

வகுப்பு வழக்கமாக வெளியிட்டது ஒரு பாட்டுள்ள சிறிய தட்டு. இவர்களிடமோ பாடல்கள் குவிந்திருந்தன. ஆதலால் நெடுந்தட்டாகவே வெளியிட இசைந்தனர். மாதாகோயிலாக இருந்து பதிவகமாக மாறிய ‘காவா’ என்னுமிடத்தில் மூன்றே நாளில் பதிவு முடிந்தது. 1996 ஜூனில் ‘டைகர்மில்க்’ என்ற அத்தட்டு 1,000 படிகள் மட்டும் வெளிவந்தது. அட்டையில் ஒரே நிறம் பூசிய நிழற்படம், எடுத்தவர் மர்டாக். உட்புறத்தில் செபாஸ்டியனும் இசபெல்லும் சுரங்க இரயில் நிலையத்தருகே சந்திக்கும் கதை. அந்த ஆயிரம் படிகளும் விரைவிற் கைமாறின. பின்னர் ஒரு படி நூற்றுக்கணக்கான பவுன் விலைபோயிற்று. 1999இல் மறுபதிப்பு வரும்வரை பலரும் அதனைக் கேட்டது நாடாவிற் படியெடுத்தே.

அத்தட்டில் ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்றொரு பாட்டு உண்டு. பள்ளியில் எவரும் பொருட்படுத்தாத ஒரு மாணவி. களிமண்ணில் உருவங்கள் செய்வதிலே அவள் மனம். அவள் தொடக்கமுதலே ஒரு விந்தையான பிள்ளைதான் என்று தலைமையாசிரியர் சொல்லிவிடுகிறார். அவ்வளவே அவர் வேலை. பாட்டில் அவருக்கு அதற்குமேல் இடமில்லை. தலைமையாசிரியனாகிய எனக்கு இவ்விடம் கேட்குந்தோறும் சுடுகிறது. மாணவரின் நன்னடத்தைக் குறிப்பேட்டில் நான் எழுதிய ஒற்றைச் சொற்கள் எத்தனை! பள்ளியைப் பற்றிய பாடல்கள் பெரும்பாலும் ஏளனமாகவோ சினமாகவோ அமையும். மர்டாக்கின் பாடல் அந்தச் சிறுமியின் பக்கம் நின்று மெல்லப் பேசுகிறது; ஆசிரியரை வைவதில்லை. அதனாலேயே நாம் செவிசாய்க்கிறோம்.

அதே ஆண்டு நவம்பரில் ‘ஜீப்ஸ்டர்’ என்ற புதிய சிறு நிறுவனத்தின் வழி இரண்டாம் தட்டாகிய ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ வெளிவந்தது. வயலின் வாசிக்கும் சாரா மார்ட்டின் அதற்குள் குழுவிற் சேர்ந்திருந்தார். ஒரே ஆண்டில் இரு நெடுந்தட்டுகள். ஏழாண்டுத் தேக்கம் உடைந்த வெள்ளம் எனலாம். குழுவின் படைப்புகளுள் தலையாயது இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து, எனக்கும் அதுவே. ஆயினும் பதிவின் ஒலிநயம் மர்டாக்கிற்கு நிறைவளிக்கவில்லை. 2005இல் இலண்டன் பார்பிகன் மண்டபத்தில் அத்தட்டு முழுவதையும் மேடையில் வாசித்து, அப்பதிவையும் வெளியிட்டனர். இரண்டையும் கேட்டோர் பழைய பதிவின் நடுக்கத்தையே விரும்புகின்றனர். படைத்தவனுக்குக் குறையாகத் தோன்றியது கேட்பவனுக்கு உயிராயிருந்தது.

அந்நாளில் குழுவினர் செய்தியாளரைக் காண்பது அரிது. முகங்காட்டிப் படமெடுப்பதும் அரிது. 1997இல் மூன்று சிறுதட்டுகள் வந்தன; அவற்றின் பாடல்களுட் பெரும்பாலானவை நெடுந்தட்டுகளில் இல்லை. ஒரே பாட்டை இருமுறை விற்பது முறையன்று என்ற எண்ணம்போலும். 1998இல் ‘தி பாய் வித் தி அரப் ஸ்ட்ராப்’ வெளிவந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில், சிறந்த புதுமுகத்துக்கான ‘பிரிட்’ பரிசு வானொலி நேயர்களின் வாக்கால் இவர்களுக்குக் கிடைத்தது. பெரும்புகழ் பெற்றிருந்த ‘ஸ்டெப்ஸ்’ குழுவை, நாடு பெரிதும் அறியாத ஒரு குழு வென்றது! ஸ்டெப்ஸ் குழுவுக்குப் பின்னிருந்த பீட் வாட்டர்மன், வாக்களிப்பில் சூது நடந்ததெனக் குற்றஞ்சாட்டினார். வாக்குகள் இணையத்தின் வழி வந்தவை. இவர்களின் நேயர்களோ கணினிமுன் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர்கள். அஃதன்றி வேறு மாயம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பரிசு அவர்களிடமே நின்றது. அதே ஏப்ரலில் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையின் விடுமுறை முகாமொன்றில் ‘பௌலி வீக்கெண்டர்’ என்ற விழாவைத் தாமே நடத்தினர். நேயரும் பாடகரும் ஒரே குடில்களில் தங்கிய அவ்விழாவே, பின்னர் ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ என நெடுநாள் நடந்த விழாத்தொடருக்கு முன்னோடி.

நண்பர் குழுவுக்கு வரும் நோய் இவர்களுக்கும் வந்தது. 2000இல் ஸ்டூவர்ட் டேவிட் விலகி, ‘லூப்பர்’ என்ற தம் குழுவிலும் எழுத்திலும் ஈடுபட்டார். அந்த முதலாண்டைப் பற்றி அவர் பின்னர் எழுதிய நூல், வேலையற்றோர் பயிற்சிக்கூடத்தின் சலிப்பையும் நம்பிக்கையையும் ஒருங்கே காட்டுவது. 2002இல் அமெரிக்கப் பயணத்தின் நடுவிலேயே இசபெல் காம்பெல் விலகினார். மார்க் லானகன் என்னும் கரகரத்த குரலுடைய அமெரிக்கப் பாடகரோடு அவர் 2006இல் வெளியிட்ட தட்டு ‘மெர்க்குரி’ பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது. அவர் குரல் அகன்ற இடம் பழைய குழுவில் நிரம்பவேயில்லை.

இங்கே குழு ஒடுங்கியிருக்க வேண்டும், ஒடுங்கவில்லை. 2003இல் வந்த ‘டியர் கெட்டஸ்ட்ரபி வெய்ட்ரஸ்’ தட்டைப் பதிவுசெய்தவர் டிரெவர் ஹார்ன். பளபளப்பான பெருவெற்றிப் பாடல்களை உருவாக்கியவர் அவர். மூன்று நாளில் தட்டு முடித்தவர்கள் அவரிடம் போனதைப் பழைய நேயர் பலர் துரோகமாகவே கருதினர். அவர்கள் மனத்தாங்கலை நான் உணர்கிறேன். ஆயினும் அத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டபின் அவர்களோடு உடன்பட முடியவில்லை. முன்பு பாட்டிற்குள் ஒளிந்திருந்த நகைச்சுவை அதில் வெளிவந்தது. வாத்தியங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் நின்றன. போயிற்று என்று சொல்லத்தக்கது ஒன்றுண்டு: பாடுகிறவர் நம் ஒருவரிடம் மட்டும் பாடுகிறார் என்ற மயக்கம். அதன்பின் 2005இல் ஸ்காத்லாந்தின் ‘தி லிஸ்ட்’ இதழ் நடத்திய வாக்கெடுப்பில் அந்நாட்டின் தலைசிறந்த குழு இதுவே எனத் தேர்வாயிற்று. 2006இல் வந்த ‘தி லைஃப் பர்ஸ்யூட்’ பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு ஹாலிவுட் பௌல் அரங்கில் வாசித்தனர்.

மர்டாக் எழுதி இயக்கிய ‘காட் ஹெல்ப் தி கேர்ள்’ திரைப்படம் 2014இல் வந்தது. நோயுற்ற ஒரு பெண் பாட்டெழுதித் தேறும் கதை அது. தம் கதையையே அவர் வேறுருவில் சொன்னார். நேர்முகமாகச் சொல்ல மேலும் ஓராண்டு ஆயிற்று. 2015இல் வெளியான தட்டின் முதற்பாடல் ‘நோபடிஸ் எம்பயர்’ அந்த ஏழாண்டைப் பற்றியது. 2022இல், நோய்த்தொற்றுக் காலத்தில் வெளிநாடு செல்லவியலாது, கிளாஸ்கோவில் தம் ஒத்திகைக் கூடத்திலேயே ‘எ பிட் ஆஃப் பிரீவியஸ்’ என்ற தட்டை உருவாக்கினர். 2000க்குப் பின் முழுத்தட்டொன்றைச் சொந்த ஊரில் பதிவுசெய்தது அதுவே முதன்முறை. 2023 சனவரியில் ‘லேட் டெவலப்பர்ஸ்’ வந்தது. பள்ளிகளில் மெல்லக் கற்று மெல்ல மலரும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் இப்பெயரால் அழைப்பர்.

‘நோபடிஸ் எம்பயர்’ என்ற அதே பெயரில் மர்டாக்கின் நாவல் 2024இல் வெளிவந்தது. களைப்பு நோயுற்ற ஓர் இளைஞன், அதே நோயுற்ற தோழியர் தோழரோடு கிளாஸ்கோவில் நாள் கழித்து, பாட்டெழுதக் கற்கிறான். குழு தொடங்குவதற்கு முன்னரே கதை முடிந்துவிடுகிறது.