பாதி வாசிப்பில் புதுச்சேரி, 1748

இரண்டு மாதங்களாக என் மேசைமீது மூன்று நூல்கள் திறந்தபடியே கிடக்கின்றன. ஒன்று பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’. இரண்டாவது, அந்நாவலுக்கு ஊற்றுக்கண்ணான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. மூன்றாவது, இராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாறு. அதன் முதல் தொகுதி 1763இல் இலண்டனில் வெளிவந்தது. மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தைப் பேசுவதால், நாவலில் ஐம்பது பக்கம், நாட்குறிப்பில் பத்து நாள், ஓர்மில் ஒரு சண்டை என்று மாறிமாறிப் படித்து வருகிறேன். எதையும் முடிக்கவில்லை. முடித்தபின் எழுதுவதே முறை. ஆனால் பாதியில் நிற்கையில் உறுத்துவது, முடித்தபின் உறுத்தாமல் போய்விடக்கூடும்.

நாட்குறிப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிள்ளை 1709இல் பிறந்தவர், வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியாக உயர்ந்தவர். 1736 முதல் தம் இறுதி நாட்கள் வரை எழுதினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1846இல்தான் அந்த ஏடுகள் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் கவனத்துக்கு வந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியானது. தமிழ் நாட்குறிப்பொன்றைத் தமிழருள் பலர் ஆங்கிலம் வழியாக அறிய நேர்ந்தது நமக்கே உரிய விந்தை.

வகுப்பில் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை நடத்தும்போது வீரமாமுனிவரிலிருந்து தொடங்குவோம். முனிவர் மறைந்தது 1747இல். அதே ஆண்டுகளில் ‘துரை’, ‘முசே’, ‘கும்பினீர்’, ‘கோன்சேல்’ என்று கலந்து கட்டிய பேச்சுத் தமிழில் ஒருவர் நாள்தோறும் எழுதிக் கொண்டிருந்தார் என்பதைப் பாடத்திட்டம் ஒரு வரியில் கடந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படியே கடந்து வந்தேன்.

முதலில் தடுமாற வைத்தவை தேதிகள். ஓர்மையும் பிள்ளையையும் அருகருகே வைத்தால் நிகழ்ச்சிகள் பொருந்தவில்லை. ஒருவர் தவறாக எழுதிவிட்டார் என்று ஓரத்தில் கேள்விக்குறியும் இட்டேன். பிறகுதான் புரிந்தது: ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாள்காட்டியையே பின்பற்றினர், பிரெஞ்சுக்காரரின் கணக்குக்கு அது பதினொரு நாள் பின்தங்கியது. பிள்ளையோ விபவ வருஷம், ஆவணி மாதம் என்று தம் கணக்கையும் சேர்த்தே குறித்தார். மதிலுக்கு உள்ளே ஒரு தேதி, வெளியே ஒரு தேதி. கேள்விக்குறியை அழித்துவிட்டேன்.

நான் இப்போது நிற்பது அந்த ஆவணியின் கடைசி நாட்களில். 1748 செப்டம்பர். பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார்கள். இந்நிலையில், செப்டம்பர் 8ஆம் நாளில், வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கத் தொடங்குகிறார்கள். இடிப்பவர்கள் வெளியே நிற்கும் பகைவர் அல்லர். உள்ளே ஆளும் பிரெஞ்சுக்காரர். கோயில் அவர்களது சம்பா கோயிலுக்கு அருகிலேயே இருந்தது. (‘செயின்ட் பால்’ நம் நாவில் ‘சம்பா’ ஆன கதை அது, புதுவையில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது.) படைவீரர் காவல் நிற்க, பாதிரிமாரும் பொறியாளரும் கொத்தர்களும் கூலியாட்களும் மண்வெட்டி, கடப்பாரையுடன் வந்ததைப் பிள்ளை வரிசையாக எழுதுகிறார். எத்தனை பேர், எந்தச் சுவரில் தொடங்கினார்கள் என்பது வரை இருக்கிறது. சரக்கு இருப்பு எடுக்கும் கணக்கர் எழுதுவதுபோல் இருக்கிறது என்பதுதான் படிப்பவரை நிலைகுலையச் செய்கிறது.

இப்பகுதியை முதுகலை மாணவரிடம் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அவர் ஏன் ஐயா வேலையை விட்டு விலகவில்லை?” அன்று நான் சட்டென்று சொன்ன விடை, “பதவி ஆசை” என்பது. வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்து அடுத்த பக்கங்களைப் படித்தபின் அந்த விடை எனக்கே கசந்தது.

ஐம்பது ஆண்டுகளாகப் பாதிரிமார் இதற்கு முயன்று வந்ததையும், முந்தைய ஆளுநர்கள் மறுத்ததையும் பிள்ளை அவ்விடத்தில் நினைவுகூர்கிறார். மறுத்ததற்குக் காரணம் பெருந்தன்மை மட்டும் அன்று. கோயிலில் கை வைத்தால் வணிகர் வரமாட்டார்கள், ஊர் பாழாகும் என்ற கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு பேச்சு எழுந்தபோது நெசவாளரும் வணிகரும் ஊரைவிட்டே வெளியேறப் புறப்பட்டார்கள், அரசு பணிந்தது. துணியும் அதை வாங்கி விற்பவரும் இல்லாமல் கும்பினி ஏது? படை இல்லாத மக்களுக்கு அதுவே படை.

1748 செப்டம்பரில் அந்தப் படை செல்லாது. மதிலுக்கு வெளியே பீரங்கி நிற்கிறது. வெளியேறுவோம் என்று மிரட்ட வழியே இல்லை. கப்பல் வணிகமும் நின்றிருந்த நேரம் அது. வணிகரின் கோபத்துக்கு விலை இல்லாத நேரம். முற்றுகையைக் காரணம் காட்டி இடித்தார்கள் என்று மேலோட்டமாகச் சொல்லிப் போகலாம். எனக்குப் படுவது வேறு. ஐம்பது ஆண்டு இயலாதது அந்த வாரம் இயன்றதற்கு முதன்மையான காரணம், மக்கள் போக இடமின்றி உள்ளே அகப்பட்டுக் கிடந்ததுதான். சாதித் தலைவர்களான மகாநாட்டார் பிள்ளையிடம் வந்து முறையிடுகிறார்கள். அவர் ஆளுநரின் மனைவியைக் குற்றம் சொல்கிறார். மனம் வெந்து எழுதுகிறார். அவர் கையில் இருந்ததோ ஒரு துபாசியின் சொல்வாக்கு மட்டும். அதையும் பறிக்க அந்த அம்மையார் காத்திருந்தார். இதனால் பிள்ளை குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று இரவும் அவர் துபாசிதான். மறுநாள் காலையிலும் துரையைப் பார்க்கப் போகிறவர்தான். அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் என் விடை தவறு என்றேன். “அப்படியானால் சரியான விடை?” என்றாள். நான் இன்னும் படித்துக் கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

ஓர்மிடம் இந்தத் தத்தளிப்பு இல்லை. போர் முடிந்து, யார் வென்றார் என்று தெரிந்தபின் எழுதியவர். ஆங்கிலப் பொறியாளர்கள் பதுங்குகுழியை மதிலிலிருந்து மிகத் தொலைவில் தொடங்கிய பிழையை எடுத்துக்காட்டி, இறந்த ஐரோப்பியர் 1,065 என்று கூட்டுத்தொகை தருகிறார். தெளிவான நடை, நான் மதிக்கும் நடையுங்கூட. ஆனால் அதில் எவரும் நாளைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுவதில்லை.

நாவலில் நான் இன்னும் மிக முன்னால், துய்ப்ளேக்ஸ் மதாமின் கை ஓங்கத் தொடங்கும் பக்கங்களில்தான் நிற்கிறேன். பிரபஞ்சனும் முடிவு தெரிந்தே எழுதினார். என்றாலும் அவருடைய பிள்ளைக்கு உள்ளம் இருக்கிறது. நாட்குறிப்பின் பிள்ளை பல நாட்களில் பரிசுப் பொருள்களையும் பீரங்கி மரியாதைகளின் எண்ணிக்கையையும் எழுதிவிட்டு முடித்துக்கொள்வார். நாவலாசிரியர் நிரப்பியது அந்த இடைவெளியை. சில இடங்களில் கூடுதலாகவே நிரப்பிவிட்டாரோ என்று தோன்றுகிறது; நாவலின் பிள்ளை நாட்குறிப்பின் பிள்ளையைவிட நல்லவராக இருக்கிறார். 1995இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நூலைப் பாதியில் குறை சொல்வது துணிச்சல்தான்.

எனக்கும் முடிவு தெரியும் என்பதே இந்த வாசிப்பின் தொல்லை. பிள்ளை 1761 சனவரி 12இல் இறப்பார். நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழும். துய்ப்ளேக்ஸ் அதற்குள் பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, கடனுக்காக வழக்காடிக் கொண்டிருப்பார். இவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு அந்த ஆவணிப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை படித்தேன். ஓர்மில் இன்னும் சில பக்கங்கள் திருப்பினால் மழை வரும், நோய் பரவும், பாஸ்கவன் கூடாரங்களைக் கலைப்பார். பிள்ளையிடம் அதற்கு இன்னும் ஏறத்தாழ நாற்பது நாள் இருக்கிறது.