பாட்டியார் ஓதிய நூல்

நாம் வெளியூர் மதரஸாவில் ஓதிவந்த நாளில், உருது பேசும் சகமாணவர் ஒருவர், "தொழுகை, நோன்பு என்கிறீரே! நமாஸ், ரோஸா என்று சொல்ல வராதோ?" என நகைத்தார். நாம் கூசிப்போனோம். பல மாதங்கள் நமாஸ் என்றே சொல்லித் திரிந்தோம். நமாஸும் ரோஸாவும் அரபுச் சொற்களல்ல, பாரசீகச் சொற்கள் என்பது அரபி ஓதிய நமக்கே அன்று தோன்றவில்லை!

விடுமுறையில் ஊர் திரும்பியபோது நம் பாட்டியார் பழைய நூலொன்றை இராகமிட்டு ஓதிக்கொண்டிருந்தார்கள். சிறு பிராயம் முதல் கேட்ட ஓசைதான். அன்றுதான் எட்டிப் பார்த்தோம். எழுத்தெல்லாம் அரபு, மொழியோ தமிழ். நாம் கூசி மறைத்த தொழுகையும் நோன்பும் அரபு எழுத்திலேயே வீற்றிருந்தன.

அரபியில் ப, ட, ழ முதலிய ஒலிகளுக்கு எழுத்தில்லை. நம் முன்னோர் அரபு எழுத்துகளுக்கே புள்ளிகளைக் கூட்டி அவற்றுக்கு வடிவம் தந்தனர். இதுவே அரபுத்தமிழ். தமிழ் எழுத்தறியாத பெண்மணியும், குர்ஆன் ஓதத் தெரிந்திருந்தால் இதனை எளிதில் வாசிப்பார். மார்க்கச் சட்டங்களை இல்லத்திலிருந்தே கற்பார். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அரபியில் பெரும்புலவர். ஆயினும் மகானீ, ஃபத்ஹுத் தய்யான் ஆகிய மார்க்க நூல்களை அரபுத்தமிழில் இயற்றினார்கள். தம் மக்களின் மொழியில் பேசுவதை அன்னார் குறைவாகக் கருதவில்லை.

இதை அறிந்தபின் நம் நாவின் கூச்சம் அகன்றது. அம்மாணவரோடு வழக்காடவும் தோன்றவில்லை. அவர் மொழி அவருக்கு இனிது.

பள்ளிக்கூடங்கள் பெருகித் தமிழ் எழுத்தை எல்லோரும் கற்றபின் அரபுத்தமிழின் தேவை சுருங்கியது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், பாட்டியார் மறைந்தபின் வீட்டை ஒழித்து வெள்ளையடித்தவர்கள், அரபு எழுத்தில் இருந்தவை யாவும் கிழிந்த குர்ஆன் பிரதிகளே என்றெண்ணி, மரியாதையோடு கடலில் விட்டுவிட்டனர். அந்நூலும் போயிற்று. அதன் பெயரையேனும் நாம் குறித்து வைத்தோமில்லை. அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பேழையிலும் இத்தகைய நூல் கிடக்கலாம். கடலுக்கு அனுப்புமுன் ஒரு பக்கமேனும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

கல்லூரியில் பயிலும் நம் மகள் ஒருநாள் முகம் வாடி வந்தாள். "வாப்பா, நீ தமிழா, முஸ்லிமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?" என்றாள். காட்டுவதற்கு நூல் இல்லை. தாளொன்றை எடுத்துத் தொழுகை என்று அரபுத்தமிழில் எழுதிக் கொடுத்தோம். ஓதத் தெரிந்தவளாதலால் தொடங்கிவிட்டாள். ழகரத்தின் புள்ளியில் சற்றே தயங்கினாள். பின்னர் அவளே சொல்லிவிட்டு, "இன்னொன்று எழுதுங்கள்" என்றாள்.