கார் பேட்டரி (வெப்ப நாடுகளில்)

கார் பேட்டரி என்பது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் விளக்கு முதலிய கருவிகளுக்கும் மின்சாரம் தரும், மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய-அமில மின்கல அடுக்கு. பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859இல் இவ்வகையை உருவாக்கினார். ஆறு அறைகள் கொண்ட இது முழு மின்னேற்றத்தில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். நீர் ஊற்றுவது, மூடியது என இரு வகைகள் பரவலாக உள்ளன.

குளிரில் பேட்டரியின் திறன் தற்காலிகமாகக் குறையும். வெப்பமோ ஆயுளையே தின்னும். சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. நேர்மின் தகட்டின் ஈயச் சட்டகம் விரைந்து அரிக்கப்படுவதும், அமிலக் கரைசலின் நீர் வற்றுவதும், ஓடாது நிற்கும் வண்டியில் தன்மின்னிறக்கம் கூடுவதும் இதற்குக் காரணங்கள். இதனால் வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் அடர்த்தி குறைந்த அமிலம் நிரப்புவதுண்டு. சென்னை போன்ற நகரங்களில் மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்ற நேர்வது இயல்பு.

நீர் ஊற்றும் வகையில் நீர் குறைந்தால் வாலைவடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும், அமிலம் கூடாது. முனைகளில் படியும் உப்பை நீக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுழல்வது, உறை உப்புவது ஆகியவை மாற்ற வேண்டியதன் அறிகுறிகள். கழற்றும்போது எதிர்மின் முனையை முதலில் விடுவிப்பர். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.