விரால் மேலே வரும் மாதம்

பாஸ் மீனுக்கு அமெரிக்காக்காரன் பருவவாரியா புத்தகம் போட்டுவிட்டான். கனகம்மாசத்திரம் பக்கத்து ஏரிகளில் அந்த மரியாதை விராலுக்கு. மதராஸ் சிவில் சர்வீஸ்காரர் எச். எஸ். தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். 1887-ல் ஏரித் தூண்டிலுக்கென்றே இன்னொன்று. தவளையை முள்ளில் கோத்து அல்லி இலையோரம் தத்தவிடும் வித்தைக்கு நம்மாட்களுக்கு வெள்ளைக்காரன் தேவைப்பட்டிருக்காது. எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

ஐப்பசிக் கலங்கலில் தூண்டில் எடுபடாது. விரால் கண்ணால் வேட்டையாடுகிற மீன். தை, மாசியில் தண்ணி தெளியும். சித்திரையில் ஏரி குட்டையாகும்போது அதன் மூச்சே காட்டிக்கொடுக்கும். காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆகணும். குமிழி பார்த்து ஊத்தா கவிழ்ப்பார்கள்.

1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. 1996-ல் கிருஷ்ணா நீரும் வந்தது. ஒப்பந்தப்படி ஜனவரி முதல் ஏப்ரல்வரை 4 டிஎம்சி, அதாவது ஏரிகள் வத்துகிற அதே மாதங்களில். பூண்டியில் மீனின் கோடையை மழையோடு மதகும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

மழைக்காலப் பார்ப்புதான் வயிற்றைப் பிசைகிறது. செக்கச்செவேலென்று குஞ்சுகள் பந்தாகச் சுழலும். கீழே தாயும் தகப்பனும் காவல். பசியில்லாவிட்டாலும் எது கிட்டே வந்தாலும் பாயும். அப்போது தூண்டில் போட எந்தச் சாமர்த்தியமும் வேண்டாம். பெரிசு போனால், மிச்சத்தை ஜிலேபிக் கெண்டை அன்றைக்கே மேய்ந்துவிடும்.